பாட்டுக்கு ஜாமீன்

துபாய்,
2025 ஜனவரி 3.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

நான் இங்கே க்ஷேமம். தாங்களும் அத்தையும், பென்ஷன் வயது வந்த பின்னும் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்க மனமில்லாத அம்மாவும் க்ஷேமமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். செயின்ட் கிளேயர் அருவியில் தண்ணீர் தாராளமாய் விழுகிறதா, அல்லது மேல் கொத்மலை மின்திட்டக்காரர்கள் மணிக்கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்களா என்பதைத் தெரிவிக்கவும்.

இங்கே புதுவருஷம் எப்படிக் கழிந்தது என்று கேட்டிருந்தீர்கள். புர்ஜ் கலீஃபாவின் வாணவேடிக்கையைக் காண உலகமே திரண்டு வந்து, தின்று, சிந்தி, துடைத்துப்போட்ட மேசைவிரிப்புகளெல்லாம் எங்கள் ஹோட்டல் லாண்டரியில் குவிந்துகிடந்த அந்த நடுநிசியில், வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ருஷ்யப் பெண் ஒருத்தி கீழே இறங்கிவந்து, தன் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். கட்டடக் கூரையிலே வெக்கை புகாமல் திணிக்கிற கண்ணாடிப் பஞ்சுக்கு ருஷ்ய பாஷையில் 'ஸ்தெக்லவாதா' என்று பெயராம். அந்தப் பெயரையே குழுவின் பெயராகச் சூட்டிக்கொண்ட சில பையன்கள், 2002ஆம் ஆண்டில், கம்ப்யூட்டரில் வரைந்த பின்னணிக்கு முன்னே நின்று, உலகத்தின் கவலைகளில் ஒன்றுகூடத் தங்களைத் தொட்டதில்லை என்பதுபோல் புன்னகைத்துக் குதித்துப் பாடிய புதுவருஷப் பாட்டு அது. அவர்கள் நாட்டார்களே அதிகம் அறியாத அந்தப் பையன்களை, சில ஆண்டுகள் கழித்து, ருஷ்ய பாஷையில் ஓர் எழுத்தும் தெரியாத அந்நியர்கள் இணையத்திலே கண்டெடுத்துக் கேலிசெய்யத் தொடங்கினார்களாம். கேலி செய்யப் புறப்பட்டவர்களோ, வருஷாவருஷம் டிசம்பர் மாதத்தில் அதைப் போட்டுக் கேட்பதை ஒரு நேர்த்திக்கடனாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள்.

இதோடு விஷயம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இஸ்திரி மேசையிலிருந்த பிலிப்பினோ நண்பன், "உன் ஊர்க்காரன் பென்னி லாவாவைவிடவா இது?" என்றான். 'பெண்ணின் மனதைத் தொட்டு' என்று 2000ஆம் ஆண்டில் ஒரு படம் வந்ததே, எஸ். ஏ. ராஜ்குமார் சங்கீதத்தில், பிரபுதேவாவும் ஜெயா சீலும் ஆடிய 'கல்லூரி வானில்' பாட்டு தங்களுக்கு ஞாபகமிருக்கும். தமிழே அறியாத அமெரிக்கர் ஒருவர் 2007இல் அந்தத் தமிழ் வரிகளைத் தம் செவிக்கு எட்டிய இங்கிலீஷ் சொற்களாகவே கேட்டு, அவற்றைக் காட்சியின் அடியில் எழுதிப் பதிவேற்றிவிட்டார். அன்றிலிருந்து பிரபுதேவாவுக்கு அந்நிய தேசங்களில் பென்னி லாவா என்றே நாமகரணம். எனக்குக் கோபம் வரவில்லை. ராஜேஷ் கன்னா காலத்து ஹிந்திப் பாட்டுகளைத் தாங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று பாடிய லட்சணத்தைக் கேட்டு வளர்ந்தவன் எந்த முகத்தோடு அமெரிக்கர்மேல் குற்றம் சொல்வது? மேலும், சொல்லை எப்படித் திரித்தாலும், அந்த மனிதருடைய ஆட்டத்தில் ஓர் அசைவைக்கூட ஒருவராலும் திரிக்க முடியவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அதற்குள் எங்கள் மலையாள சூப்பர்வைசர், "ஸ்ரீலங்காக்காரனிடம் கேட்க வேண்டியது மாணிகே பாட்டு அல்லவா!" என்று குறுக்கே வந்தார். நமக்கு மெனிக்கே என்றால் தலவாக்கலை ஸ்டேஷனுக்குத் தாமதமாக வந்து நிற்கிற பதுளை ரயில். அவருக்கோ யொஹானி டி சில்வா. சதீஷன் 2020இல் வெளியிட்ட அந்தச் சிங்களப் பாட்டை இந்தப் பெண் 2021 மே மாதத்தில் தானும் பாடிப் பதிவிட, 1981இல் வந்த 'காலியா' படத்தில் தாம் ஆடிய காட்சிக்கு அதைப் பொருத்திய துண்டொன்றை அமிதாப் பச்சனே பகிர்ந்து மகிழ, மறுவருஷமே அது ஒரு ஹிந்திப் படத்திலும் புகுந்துகொண்டது. இப்படியாக, கொழும்புக் கந்தோர்களின் படிவங்களில் இந்தியத் தமிழனாகவும், துபாயில் இந்தியர்களின் நடுவே ஸ்ரீலங்கனாகவும் காலந்தள்ளும் நான், சென்னைப் பாட்டு ஒன்றுக்கும் சிங்களப் பாட்டு ஒன்றுக்கும் ஏககாலத்தில் ஜாமீன்தாரனாகி, இரண்டில் ஒன்றைப் பாடியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு உள்ளானேன்.

பிரபுதேவாவின் பாட்டுக்கு என் இடுப்பு ஒத்துழைக்காது. மெனிக்கேவுக்கோ என் பள்ளிக்கூடச் சிங்களம் போதாது. ஆகவே நம் மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதி புலம்புகிற கட்டத்தை எடுத்துவிட்டேன். நேபாளத்துப் பையன் ஒருவன் துணி உலர்த்தும் இயந்திரத்தையே தப்பு மேளமாகப் பாவித்து அடித்தான். ருஷ்யப் பெண் கண்ணீர் விட்டாள். அது சோகத்தினாலா, சிரிப்பினாலா என்று நான் விசாரிக்கவில்லை.

பிலிப்பினோ நண்பன் இதையெல்லாம் படம்பிடித்துத் தன் ஊருக்கு அனுப்பிவிட்டான். அங்கே அது பிரமாதமாக ஓடுகிறதாம். எவ்வழியாகவேனும் நம் லயத்துக்கு வந்து சேர்ந்தால், வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறவன் நான்தான் என்று அம்மாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கூத்து வாத்தியாருக்கு மட்டும் தெரியவேண்டாம். மாசி பிறப்பதற்கு முன்னே ரதியை அழவைத்ததற்காக எனக்கு அபராதம் போட்டுவிடுவார், அதைத் திர்ஹமில் கேட்டாலும் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்.