ஓசையறு குன்றவழி வகையியல்

மாணாக்க! இத்தாலிய நாட்டுக் குன்றுகளூடே மிதிவண்டி ஊர்வார்க்கு உகந்த வழிகளை வகுத்துரைப்பது இந்நூல். முதற்கண் வரையறை கொள்க. முடியைக் கண்ட பின்னும் ஏற ஒப்பும் அளவு உயர்ந்தது குன்று. கண்டதும் வண்டியைத் திருப்பும் அளவு உயர்ந்தது மலை. 48 கொண்டையூசி வளைவுகளும் 2,750 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடைய சுதெல்வியோக் கணவாய் மலையின்பாற்படும். அதனைப் பற்றி வினவுவோர் வேறு திண்ணை தேடுக.

இனி அளவை. ஓர் உந்து கடந்து அதன் இரைச்சல் தேய்ந்தபின், அடுத்ததன் இரைச்சல் தோன்றும் வரை நிற்கும் வெளி 'இரைச்சலிடை' எனப்படும். அதனை மணிப்பொறி கொண்டு அளப்பது தொடக்கத்தார் செயல். தேர்ந்தோர், அவ்விடையில் தம் மூச்சொலி, பல்லுருளியில் தொடரி உராயும் ஒலி, அயலூர்ச் சேவலொலி ஆகிய மூன்றும் பிரிந்து கேட்கின்றனவா என்று நோக்குவர். மூன்றும் கேட்பின் முழுவமைதி. இரண்டு கேட்பின் அரையமைதி. மூச்சொலி மட்டுமே கேட்பின் அது வழியின் குறை அன்று, மிதிப்போன் அகவையின் குறை.

அமைதி, பிறப்பு வகையால் ஐந்து: துறப்பமைதி, புழுதியமைதி, அலுவலின்மையமைதி, உண்டியமைதி, செங்குத்தமைதி.

முதலாவது துறப்பமைதி. பெரியதொரு சாலை வேறிடத்தே தோன்றி ஊர்திகளைக் கவர்ந்து செல்ல, பழைய வழி துறக்கப்பட்டுக் கிடப்பதால் பிறப்பது இது. புளோரன்சிலிருந்து பொலோஞா செல்லும் பழஞ்சாலை, 903 மீட்டர் உயரத்துப் பூத்தாக் கணவாயில் அப்பென்னைன் தொடரைக் கடக்கிறது. மிலானையும் நாப்போலியையும் இணைக்கும் விரைவுச்சாலை 1964 இல் முற்றுப்பெற்றது. சரக்குந்துகள் அதன்வழிப் போயின. பூத்தா மிதிவண்டிக்குக் கிடைத்தது. ஆகவே அமைதி என்பது எவராலும் ஆக்கப்படுவது அன்று. இரைச்சல் குடிபெயர்ந்ததன் எச்சமே அது. இக்கருத்தை மறுக்க இதுவரை ஒருவரும் முன்வந்திலர். ஆயினும் பூத்தாவின் அமைதி கிழமை முழுதும் நில்லாது: ஞாயிறன்று விசையுந்தினர் கூட்டங்கூட்டமாக ஏறி வருவர். அன்று அவ்வழியை வகைப்பட்டியலினின்று நீக்கி, திங்களன்று மீளச் சேர்த்துக்கொள்க.

துறப்பின் ஒரு கிளை 'இருப்புத்துறப்பு'. உம்பிரியாவில் 1926 முதல் 1968 வரை தொடர்வண்டி ஓடிய சுபொலேத்தோ–நோர்ச்சா இருப்புவழியின் தடத்தில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. மலைக்குடைவுகளுள் இருள் மிகுதி, விளக்கின்றிப் புகற்க.

இரண்டாவது புழுதியமைதி. தசுக்கானியின் சியேனாவைச் சுற்றித் தார் காணாத வெண்சரளைச் சாலைகள் பல உள. தன் மகிழுந்து மாவுமூட்டைபோல் ஆவதை எவனும் விரும்பான். அவ்விருப்பின்மையே இவ்வழிகளுக்கு வேலி. இவற்றைத் தாரினின்று காக்கும் கருத்தோடு சியான்கார்லோ பிரோச்சி என்பார் 1997 இல் கயோலே என்னும் ஊரில் 'எரோயிக்கா' ஊர்தலைத் தொடங்கினார். 1987 க்கு முற்பட்ட மிதிவண்டிகளுக்கே அதில் இடம். எனவே 1986 இல் பிறந்த வண்டி தொல்வண்டி, 1988 இல் பிறந்தது சிறுபிள்ளை. 1987 இல் பிறந்ததன் நிலை ஒரு தனிநூலுக்கு உரியது. அது எழுதப்பட்டு வருகிறது.

புழுதி மூவகை. விழியில் படிவது உலர்புழுதி. மழைக்குப்பின் உருளியில் அப்பி வண்டியின் எடையைக் கூட்டுவது ஈரப்புழுதி. சியேனாவின் தென்கிழக்கே களிமண் மேடுகளில் இதன் பிடி வலிது. பல்வரிசைபோல் மேடுபள்ளமாக இறுகி, பேசுவோன் நாவைக் கடிக்கச் செய்வது அலைப்புழுதி. 2007 முதல் ஆண்டுதோறும் தொழின்முறை வீரர்களும் இச்சாலைகளில் போட்டியிட்டுச் சியேனாவின் நடுத்திடலில் முடிக்கின்றனர். அன்று இவ்வமைதி விடுப்பில் உள்ளது எனக் கொள்க.

மூன்றாவது, செல்லுமூரில் எவர்க்கும் ஓர் அலுவலும் இல்லாமையால் பிறப்பது. பியேமோந்தேயின் காசுத்தெல்லானியாவில் நூறு பேர்கூட வாழ்கின்றிலர். மிதிவண்டிப் பெருவீரர் பாசுட்டோ கோப்பி 1919 இல் அங்கே பிறந்தார். 2019 இல் ஊர்ப்பெயரோடு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அதன்பின் அங்குச் செல்லுதலே ஓர் அலுவல் ஆகிவிட்டதன்றோ என வினவின், மிதித்துச் செல்வது அலுவலாகாது என்பது விடை.

நான்காவது உண்டியமைதி. நண்பகல் ஒரு மணிக்குமேல் சிற்றூர்களில் கடைக்கதவுகள் அடைபடும், தெருக்கள் ஒழியும், முள்கரண்டியொலி மட்டும் பலகணி வழியே வரும். இப்பொழுதில் வழி மிதிப்போனுக்கு, சோறு மற்றையோர்க்கு. முன்னரே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளாதவன் இவ்வகையை நீண்டநேரம் ஆராயான்.

ஐந்தாவதை விளக்குமுன் ஏற்றத்தின் வகை அறிதல் வேண்டும். ஏற்றம், ஏறுவோன் வாயில் எஞ்சும் எழுத்தால் நான்காகும். நூற்றுக்கு நான்கு வரை உயர்வது சொற்றொடரேற்றம். அதில் அயலாரைப் பற்றிக் குறைகூறவும் இயலும். எட்டு வரை ஒருசொல்லேற்றம். பன்னிரண்டு வரை உயிரேற்றம். அதில் 'ஆ', 'ஓ' என்னும் நெடில்களே தோன்றும். அதற்கும் மேற்பட்டது ஆய்தவேற்றம். நெடிலும் மாய்ந்து ஃ மட்டும் நிற்கும். சியேனாவில் போட்டி முடியுமுன் வரும் சாந்தா காத்தரீனாத் தெரு 16 விழுக்காடு, எனவே ஆய்தத்தின்பாற்படும்.

ஆய்தவேற்றத்தின் முடிமணி, கோமோ ஏரிக்கு அண்மையில் உள்ள சோர்மானோ மதில். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீண்டு, இடையே 25 விழுக்காட்டையும் எட்டும் இது, 1960 இல் லொம்பார்தியாப் போட்டியில் சேர்க்கப்பட்டது. வீரர் பலர் இறங்கித் தள்ளினர். 1962 க்குப் பின் கைவிடப்பட்டு 2012 இல் மீண்டது. இறங்கித் தள்ளுதல் ஏற்றத்தின்பாற்படுமா நடையின்பாற்படுமா என்று கேட்பர். காலணி தேய்ந்தால் நடை; மானம் தேய்ந்தால் ஏற்றம். அங்கே ஏறிய உயரம் மீட்டர்தோறும் தார்மேல் எழுதப்பட்டுள்ளது. உரையோடு கூடிய சாலை வேறெங்கும் நான் கண்டதில்லை. நூலோர் போற்றத் தக்கது. செங்குத்தமைதி எவ்வாறு பிறக்கும் என்பது இனி விளக்க வேண்டாதது.

ஏற்றத்தின்பின் இளைப்பாறுவோர்க்கு, பெல்லாச்சோவுக்கு மேலே 754 மீட்டர் உயரத்தில் கிசல்லோ மரியன்னை கோயில் உண்டு. 1949 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு அவ்வன்னையை மிதிவண்டியர்க்குக் காவலாக அறிவித்தார்.

இறக்கம் ஒருவகைத்தே. தடைப்பிடியை முன்னமே ஆய்க.

ஞமலியும் நீரும் பற்றிச் சிறிது. அப்ருட்சோவிலும் தசுக்கானியிலும் ஆட்டுமந்தை காக்கும் மாரெம்மா நாய் வெண்ணிறமானது. ஆட்டிடை நிற்கையில் ஆடென்றே தோன்றும். இறங்கி, வண்டியை இடையில் நிறுத்தி, மந்தையை விட்டு விலகி நடக்க. நீர்க்குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்னும் பலகை இருப்பின் அந்நீர் குடிக்கத் தகாதது, தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

புறனடை: இவற்றுள் அடங்கா வழி எதிர்ப்படின், இறங்கி நின்று, எவ்வகையின் திரிபு அது எனத் துணிந்த பின்னரே மிதிக்க. வகையறியாது கடந்த தொலைவு கணக்கில் கொள்ளப்படாது. அமைதி ஐந்தையும் ஏற்றம் நான்கையும் நெட்டுருச் செய்து நாளைக் காலை ஒப்பிக்க. அதுவரை மிதிவண்டியைத் தொடற்க.