வடக்கே தள்ளி வுடு தம்பி

வா தம்பி, குந்து. ஈசிஆர் ரோட்டுக்குக் கெழக்கால, படுத்தா அலைச்சத்தம் காதுல விழுற தூரத்துல மனை பேசி முடிக்கப் போறியாமே. நல்ல காரியம், தயங்காதே. நாலு தலைமுறைக்குக் கடல் கிட்ட வராதுன்னு புரோக்கர் சொன்னானாம். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். கமிஷன் வாங்குறவன் கடலைப் பத்திப் பொய் சொல்வானா?

பத்திரத்துல சக்குபந்தி எழுதுவாங்க பாரு, அதை மட்டும் கவனி. வடக்கே இன்னார் தோப்பு, தெற்கே பாதை, மேற்கே ரோடு, கிழக்கே கடல்னு இருக்கும். எந்த வருசத்துக் கடல்னு ஒரு வார்த்தை சேத்து எழுதச் சொல்லு. எங்க பாட்டன் பத்திரத்துலயும் கிழக்கே கடல்தான். அந்த மனையை இப்ப அளக்கணும்னா சர்வேயரைக் கட்டுமரத்துல ஏத்திக்கிட்டுப் போகணும்.

கடல் நெசமாவே ஏறுதான்னு கேக்குற. 1901-லேருந்து 2018-க்குள்ள உலகத்துக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்குன்னு, பருவநிலை மாற்றத்தை ஆராயுற உலகக் குழு ஐபிசிசியோட கணக்கு. முழுசா ஒரு சாண்கூட இல்ல. சூட்டுல தண்ணி விரியுது, துருவத்துலயும் மலையிலயும் கெடந்த பனி உருகி வந்து சேருது. முன்னெல்லாம் நிதானமா ஏறினது இப்ப வருசத்துக்கு 4 மில்லிமீட்டரை நெருங்கிடுச்சு. சாணுக்கெல்லாம் பயந்தா மனை வாங்க முடியுமா? என்ன ஒண்ணு, நம்ம கரை தட்டை. ஒசரத்துல ஒரு சாண் ஏறினா, உள்ளே வர்றது அதைப் போல பல மடங்கு இருக்கும். புயலடிக்கிற அன்னைக்கு அலை அந்தச் சாண் மேல ஏறி நின்னு உன் சன்னலை எட்டிப் பாக்கும்.

அதுக்கும் வைத்தியம் இருக்கு. கல்லு கொட்டு. இந்தக் கரையில எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற ஒரே மருந்து அதுதான். எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கோ. நம்ம பக்கம் மணல் ஒரு எடத்துல நிக்காது. பங்குனிலேருந்து ஐப்பசி வரைக்கும் தெக்கேயிருந்து வடக்கே நகரும். வாடை காலத்துல கொஞ்சம் தெக்கே திரும்பும். கூட்டிக் கழிச்சுப் பாத்தா வடக்கே போறதுதான் ஜாஸ்தி. இது ஏலச்சீட்டு மாதிரி தம்பி. தெக்கூர்க்காரன்கிட்ட வாங்கி வடக்கூர்க்காரனுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். நடுவுல ஒருத்தன் மடியில கட்டிக்கிட்டா, அவனுக்கு வடக்கே இருக்கிற அத்தனை பேரும் அம்போ.

மதராஸ் துறைமுகத்துக்கு 1870-கள்ல ஆரம்பிச்சு கடலுக்குள்ள கல்லை நீட்டினாங்க. வடக்கே போக வேண்டிய மணல் தெக்கால தங்கிடுச்சு. சுண்டல் தின்னுக்கிட்டு நடந்தும் தண்ணி வராத அளவுக்கு மெரினா அகலமா கெடக்கே, அது அந்தச் சீட்டுப் பணம்தான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தெருத்தெருவா கடல் எடுத்துக்கிட்டது கட்டாமப் போன தவணை. அங்கயும் கல்லு கொட்டினாங்க. கல்லு முடிஞ்ச எடத்துக்கு வடக்கே அரிச்சுது. அங்கயும் கொட்டினாங்க. எதுக்கு வெசனம், வடக்கே இன்னும் ஊரு இருக்குல்ல.

இதைப் பாத்து ஒழுங்கா படிச்ச ஊரு புதுச்சேரி. 1980-கள் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து மொகத்துல துறைமுகச் சுவரு வந்துச்சு. காந்தி செலைக்கு முன்னாடி இருந்த மணல் போய் கருங்கல்லு வந்துச்சு. ஊரு தப்பிச்சுது. அரிப்பு மட்டும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு வடக்கே நடந்து எல்லையைத் தாண்டி தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு எறங்கிச்சு. கடலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆபீசருக்கு நல்லாத் தெரியும். கேட்டா, இது அவங்க பண்ணது, அவங்களைக் கேளும்பாங்க.

கல்லு வந்த குப்பத்தைப் போய்ப் பாரு. ஃபைபர் போட்டைக் கரையேத்த எடம் இல்ல, கல்லுல மோதினா அடி பொளந்துக்கும். கரைவலை இழுக்கணும்னா ரெண்டு பக்கமும் ஆளுங்க மணல்ல கால் ஊன்றி நிக்கணும், பாறைச் சந்துலயா நிப்பாங்க? நெத்திலி காய வைக்க பொம்பளைங்க தார் ரோட்டு ஓரத்துக்குப் போறாங்க. நீ அந்த ரோட்டுல கார்ல போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு, ஏன் இங்க காயப் போடுறாங்கன்னு கேப்ப. நியாயமான கேள்விதான்.

அப்புறம் 2018 வாக்குல அதே புதுச்சேரியில தண்ணிக்கடியில ஆப்பு வடிவத்துல ஒரு தடுப்பை எறக்கினாங்க. அலை அதுல தட்டி மெலிஞ்சு, கொண்டு வந்த மணலை எறக்கி வச்சுட்டுப் போச்சு. செலைக்கு முன்னாடி மறுபடியும் புள்ளைங்க வெளையாடுது. ஆனா தம்பி, அதுக்கு அலையையும் மணலையும் வருசக்கணக்கா அளக்கணும். கல்லுக்கு லாரி போதும், லாரிக்கு டெண்டர் போதும்.

உன் மனையில ஒரு மணல்மேடு இருக்குமே, ஜேசிபி வச்சு முதல்ல அதை மட்டம் பண்ணிடு. இல்லேன்னா மாடியிலேருந்து கடல் எப்படித் தெரியும்? அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கும், வேரோட பிடுங்கிப் போட்டு கொரியன் புல்லு நடு. 2004 சுனாமியில மேடு இருந்த எடமும், பிச்சாவரத்துல அலையாத்திக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊரும் அடி கொறஞ்சு தப்பிச்சுதாம். பழைய கதை. மேட்டுக்கடியில மழைத்தண்ணி நல்ல தண்ணியா தேங்கி நிக்கும். எங்க ஆயா கையால பறிச்சே குடம் ரொப்பும். நீ போர் போட்டு இழு. இழுக்க இழுக்க கீழே உப்புத்தண்ணி உள்ளே வரும். அப்ப கேன் வாங்கிக்கலாம், வண்டிக்காரனும் பொழைக்கணும்ல.

கடலுக்கு நேரா மூணாள் ஒசரத்துக்குச் சுவரு வச்சுக்கிட்டா நிம்மதியாத் தூங்கலாம்னு நெனைக்கிற. கடல் என்ன உன் மாமியாரா, வாசல் வழியா வர்றதுக்கு? கொல்லைப் பக்கமா வரும். மழைத்தண்ணி ஆத்துல வடிஞ்சு கடலுக்குப் போகணும். கடல் ஏறி நிக்கிற அன்னைக்கு முகத்துவாரத்துல அது வாங்காது. வந்த தண்ணி திரும்பி ஊருக்குள்ளதான் குந்தும். 2024 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அதெல்லாம் போக ஏரியும் கழுவெளியும் உப்பங்கழியும் வேணும். ஹாலந்துக்காரன் 1953-ல கடல் புகுந்து 1,800 பேருக்கு மேல பறிகொடுத்துட்டு, உலகமே வாய் பொளக்குற மாதிரி தடுப்பு கட்டினான். அவனே இந்த நூத்தாண்டுல கரையைப் பின்னால தள்ளி ஆத்துக்கு எடம் விட்டான். வெவரம் தெரியாதவன். நம்மாளு ஏரிக்குள்ளயே லே-அவுட் போட்டு அதுக்கு லேக் வியூன்னு பேரும் வச்சான்.

சட்டம் தடுக்குமேன்னு பயப்படாதே. 1991-ல ஏத்தக் கோட்டுலேருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு, கிராமத்துக் கரையில 200 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாதுன்னு போட்டாங்க. 2019-ல வந்த புது அறிவிக்கையில ஜன நெருக்கடியான கிராமத்துக்கு அது 50 மீட்டர். கடல் மேற்கால வருது, சட்டம் கெழக்கால போயி எதிர்கொண்டு அழைக்குது. இதைவிட மரியாதை எந்த நாட்டுல உண்டு?

பேசாம எல்லாரும் பின்னால நகந்துட்டா என்னன்னு படிச்சவங்க கேக்குறாங்க. நகரலாம், தப்பில்ல. சுனாமிக்கப்புறம் மெட்ராஸ்ல கடலோரத்துச் சனங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி செம்மஞ்சேரில குடி வச்சாங்க. கடல் வராத எடம்தான். பெருமழைக்கு ஏரித்தண்ணி வருது, அவ்வளவுதான். வலையும் போட்டும் ஒரு எடத்துல, சோறாக்குற அடுப்பு வேற எடத்துல. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவனுக்கு எந்த பஸ் வரும்?

எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஆபத்துன்னு எங்களை எழுப்பிவிட்ட மணல்ல ஒரு வருசம் கழிச்சு ரிசார்ட் வருதே, அவங்களுக்கு மட்டும் நீச்சல் தெரியுமா? காலி பண்ற எடம் காலியாவே கெடக்கும்னு எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே நான் முதல் மூட்டையைக் கட்டுறேன்.

அந்த ரிசார்ட்டு மொதலாளி குடும்பம் எங்க இருக்குன்னு விசாரிச்சேன். திண்டிவனத்துக்கு அந்தாண்டை, நல்ல மேட்டு நெலத்துல வூடு கட்டியிருக்காராம். அந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகுதுன்னு கேட்டுச் சொல்லு தம்பி. எனக்கும் ஒரு பேரன் இருக்கான்.