கேம்பர் பித்தர்

கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் நேராக மண்டபத்துக்குள் போவார்கள். இவர் போகமாட்டார். வாசலில் நிற்கும் கார்களின் ஓரமாகக் குனிந்துகொண்டே நடப்பார். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைத் தேடிப் படிப்பார். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். கார் பெண்ணின் அப்பாவுடையது என்று தெரிந்துவிட்டால் போச்சு. தாலி கட்டி முடிந்த கையோடு அவரைத் தூணோரம் அழைத்து, "மாமா, டயருக்கு வயசாயிடுச்சு, மாத்திடுங்க" என்பார். பெண்ணைப் பெற்றவருக்கு அந்த நேரத்தில் வேறு கவலைகள் இருக்கக்கூடும் என்பது இவருக்குத் தோன்றாது.

சென்னையில் இந்த இனம் பெருகுவதற்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் ஒரு முக்கியக் காரணம். 1990இல் திறந்தது, 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். பந்தயம் இல்லாத சில நாட்களில், காசு கட்டினால் சொந்தக் காரையே உள்ளே ஓட்டலாம். இவர் அங்கே ஓட்டுவது வருஷத்துக்குச் சில சுற்றுகள்தான். மிச்ச வருஷம் முழுக்க எந்த டயரில் ஓட்டுவது என்ற ஆராய்ச்சி.

சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 400 என்றால் டயர் நாள்பட உழைக்கும். 200 என்றால் ரப்பர் மிருதுவாக இருந்து தரையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். உழைக்கிற டயர் என்றாலே இவருக்கு இளக்காரம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது தன்னை மனசில் வைத்துப் போட்ட உத்தரவு என்றே இன்றுவரை நம்புகிறார். துபாயிலிருந்து வரும் அக்கா வீட்டுக்காரரிடம் குடும்பமே பேரீச்சம்பழம் கேட்டுக்கொண்டிருக்க, இவர் போனை வாங்கி, "அத்தான், லக்கேஜ்ல ரெண்டு டயர் வைக்க இடமிருக்குமா? முன்னாடிக்கு மட்டும் போதும்" என்பார்.

ஆனால் டயர் சின்ன வியாதி. பெரிய வியாதி கேம்பர். காரை எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வேகமாக வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சாயும். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் வைத்த காராக இருந்தால் வெளிச்சக்கரமும் கூடவே சாய்ந்து, டயர் தன் வெளி ஓரத்தில் நின்று தேயும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் டயர் அகலமாகத் தரையில் படியும். இதெல்லாம் உண்மை. இவரோடு வாதாட முடியாமல் போவதே அதனால்தான்.

நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் கம்பெனி வைத்த கேம்பரை மாற்ற வழி கிடையாது. சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்ற 'டோ'வை மட்டும் திருப்பலாம். எனவே இவர் முதலில் கேம்பர் போல்ட் போட்டார், பிறகு கேம்பர் பிளேட், பிறகு காயில்ஓவர். எல்லாம் போட்டு அலைன்மென்ட் கடைக்குப் போனார். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கணக்குக்குள் வந்தால் பச்சை காட்டும், மீறினால் சிவப்பு.

"சார், ரெண்டு வீலும் சிவப்புல நிக்குது."

"இன்னும் சிவப்பாகணும் தம்பி. மைனஸ் ரெண்டரை வரைக்கும் இழு."

"பச்சைக்கு வராம வண்டிய எறக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிருக்காரு சார்."

ஓனரே வந்தார். திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தணிந்த குரலில், "வண்டி எங்கயாச்சும் இடிச்சிருச்சா சார்?" என்றார். அரைமணி நேரம் விளக்கம் நடந்தது. கடைசியில் பில்லின் பின்பக்கம் 'கஸ்டமர் கேட்டபடி கோணலாக வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். சிவப்பாக அச்சான அந்தத் தாளை இவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

வாரநாட்களில் ஆபீசுக்குப் போவதும் இதே காரில்தான். நேர்ச்சாலையில் சாய்ந்த சக்கரம் உள் ஓரத்திலேயே பாரத்தைச் சுமக்கும். சட்டென்று திரும்ப வேண்டும் என்று கொஞ்சம் டோ-அவுட் வேறு. வெளியே நின்று பார்த்தால் டயர் புத்தம் புதிது. குனிந்து உள்ளே பார்த்தால் மொட்டை. "ஸ்டெப்னி மட்டும் ஏங்க நேரா கெடக்கு? அதையும் சாய்ச்சுடுங்க" என்பது வீட்டம்மாவின் யோசனை.

தடத்துக்குப் போகும் நாளில் டயருக்குக் காற்று வைப்பது தனிச் சடங்கு. சூடேற ஏறக் காற்றழுத்தம் கூடும் என்பதால் காலையில் குறைத்து 28 வைப்பார். சில சுற்றுகள் ஓடி வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி, டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் ஊசி குத்தி வெப்பம் பார்த்து நோட்டில் எழுதுவார்.

போன தடவை அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது, சுற்றுக்குச் சுற்று இவரை முந்திப்போன ஒரு பையன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். அப்பாவின் கார், ஷோரூமில் வந்த டயர், பின்கண்ணாடியில் 'குலதெய்வம் துணை'. இவர் எழுந்து போய் அந்த டயரைத் தடவினார். நாலு இலக்கத்தைப் படித்தார். நம்பாமல் மறுபடி படித்தார்.

"தம்பி, பிரஷர் எவ்வளவு வச்சிருக்க?"

"தெரியலண்ணா. வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல அடிச்சது."

இவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "எந்த பங்க்?"