கோச்சு பிடிக்கப் போறியாடே மாப்ளே?

வாடே மாப்ளே, உக்காரு. ஃபுட்பால் டீமுக்குக் கோச்சு தேடுதியளாமே! கோவில்பட்டி சுத்துவட்டாரம் பூரா ஹாக்கி மட்டையும் கையுமாத் திரியுது. நம்ம மணியாச்சிக்காரன் மட்டும் காலால விளையாடக் கெளம்பிட்டிய. நல்லாருங்க.

நேத்து உங்க கமிட்டி பேசினதைத் திண்ணையில படுத்துக்கிட்டே கேட்டேன். வெளிநாட்டு ஆளா இருக்கணும், பேரு வெளங்கினவனா இருக்கணும், கோட்டு மாட்டி நிக்கணும்... ஏலே, கோச்சு பாக்கியளா, மாப்பிள்ளை பாக்கியளா?

2025-ல இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கும்போது 170 மனு வந்துச்சாம். அதுல பார்சிலோனா சாவி பேருல ஒண்ணு, பெப் கார்டியோலா பேருல ஒண்ணு. சாவிக்குச் சம்பளம் கட்டுபடியாகாதுன்னு பேப்பர்ல எல்லாம் வந்தாச்சு. கடைசியில பாத்தா, ரெண்டும் டூப்பு மெயிலு! வராத ஆளுக்குச் சம்பளம் கட்டலையேன்னு வருத்தப்பட்டது நாம ஒருத்தர்தாண்டே.

அப்புறம் யாரை எடுத்தாக? நம்ம நாட்டு காலித் ஜமீலை. 2016-17-ல ஐஸ்வால் டீமை வச்சு ஐ-லீக் கோப்பையத் தூக்கினவரு. முந்தின வருசம் கீழ இறங்கி, எப்படியோ திரும்பி வந்து ஒட்டிக்கிட்ட மிசோரம் டீமு அது. பெருத்த டீமான மோகன் பகான் ரெண்டாவதா வந்துச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம சென்னை சிட்டியப் பாரு. 2017-18-ல அதே ஐ-லீக்ல எட்டாவது இடம். சிங்கப்பூர்லேர்ந்து அக்பர் நவாஸ் வந்தாரு. அடுத்த சீசனே கப்பு. கோயமுத்தூர்ல கடைசி மேட்ச். ஆரம்பத்துலயே மினர்வா பஞ்சாப்கிட்ட ஒரு கோல் வாங்கியாச்சு. பெறகு 3-1னு சாத்தினாங்க; அதுல ரெண்டு, டிஃபென்ஸ்ல நிக்கிற கௌரவ் போரா போட்டது. கோச்சு மட்டும் காரணம்னு நெனைச்சிராத. சீசன் பூரா 21 கோல் போட்ட பெத்ரோ மான்சியும் டீமுல இருந்தாருல்லா!

சுழி மட்டும் பாத்து மாடு வாங்குனவன், வீட்டுக்கு வந்தப்புறந்தான் நொண்டுறதைப் பாப்பான். கோச்சையும் நாலு எட்டு நடத்திப் பாரு. இதுக்கு முன்ன கையில என்ன கிடைச்சுது, அதை என்ன ஆக்கினான், சின்னப் பயலுவள எறக்கி விட்டானா? அதைக் கேளு.

நல்ல கோச்சு கிடைச்சா விட்ராத. ஓவன் கோயில்னு ஒரு கோச்சு 2019 கடைசியில வந்து, அடியில கிடந்த சென்னையின் எஃப்.சி. டீமை ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. அவரை ஜாம்ஷெட்பூர் டீமுக்கு விட்டுட்டு, மூணு வருசத்துல மூணு கோச்சு மாத்தி, 2023-ல மறுபடி அவரையே வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாக.

ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. கோச்சு தேடுறது ஜெயிக்கவா, தோத்தா பழியத் தூக்கிப் போடவா? பழிக்குத்தான்னா வெளிநாடு எதுக்குடே, நானே வாரேன். சாயங்காலம் ஒரு காப்பி போதும். கடலைமிட்டாய் வேண்டாம், பல்லு இல்ல. மூணு மேட்ச் தோத்ததும் நீங்க கூட்டம் போட்டு விரட்ட வேண்டாம், துண்டை உதறிட்டு நானே எந்திரிச்சிருவேன்.