வெள்ளாவியில் போட்ட கரும்பு

பெரம்பலூர்ப் பகுதி எறையூரில் அரசு சர்க்கரை ஆலை எழுபதுகளில் வந்தது. பெரம்பலூர் அப்போது தனி மாவட்டமே இல்லை, திருச்சிக்குள் அடக்கம். கரும்பைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். அதற்கு வெள்ளாவி வைக்கும் மஞ்சள் கல்லான கந்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

கந்தகமோ பெரிய இடம். சித்தர்கள் கணக்கில் பாதரசம் சிவனுடையது, கந்தகம் சக்தியுடையது. இரண்டையும் சேர்த்துப் புடம் போட்டால் தங்கம் வரும் என்று ஊதி ஊதிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சிவப்பாய் ஒரு சிந்தூரம். போனது விறகுச் செலவு. சரி, சொறி சிரங்குக்காவது ஆகட்டும் என்று இரும்புக் கரண்டியில் வெண்ணெயோடு உருக்கி, பாலில் சாய்த்துச் சுத்தி செய்தார்கள். அது பலித்தது.

பாரிசில் வேதியியலர் லவாய்சியர் 1777-இல் இதைத் தனிமம் என்றார். 1794-இல் அவர் தலை போனது. கந்தகத்தின் மேல் பழியில்லை. மனிதர் வரிவசூல் குத்தகைக்காரர்.

குத்தகை என்றதும் சிசிலி. நேப்பிள்ஸ் ராஜா இரண்டாம் பெர்டினாண்டு 1838-இல் சிசிலிக் கந்தகத்தை ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். கந்தக அமிலம் இல்லாவிட்டால் இங்கிலாந்தில் சோடா ஆலை ஓடாது. 1840-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் போர்க்கப்பலை அனுப்பினார். ராஜா குத்தகையை ரத்து செய்தார். நம்மூர் ஏரி மீன் குத்தகையில் நடப்பதேதான், கப்பல் மட்டும் கூடுதல்.

நம்ம சர்க்கரை ஆலையில் கந்தகத்துக்குச் சலவை வேலை. பிழிந்த சாறு பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கும். சுண்ணாம்புப் பால் விட்டு, நீலச் சுடரில் கந்தகம் எரிந்த புகையை அதற்குள் செலுத்துவார்கள். இரண்டும் கூடிக் கால்சியம் சல்பைட்டாகி, அழுக்கை அணைத்துக்கொண்டு அடியில் படியும். அந்த மண்டி வயலுக்கு உரம். சாறு சுண்டியபின் மறுபடி ஒரு புகை. கந்தகப் புகையைச் சுவாசித்தால் இருமல் பிடுங்கும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழல் சுருங்கும். சீனியில் அதன் மிச்சம் கிலோவுக்கு 70 மில்லிகிராம் தாண்டக் கூடாதென்று விதி.

“நாங்க வெல்லம்தான்” என்று மார்தட்டுகிறவர்களே, பளபள மஞ்சள் வெல்லத்துக்குக் கொப்பரையில் தூவும் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்புப் பொடி யார்? கந்தகத்துக்குப் பங்காளி.

சர்க்கரை நோய்க்கு ஊசியாகப் போடும் இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் சேர்த்துக் கட்டியிருப்பதும் கந்தக முடிச்சுகள்தாம். டீக்கடையில் “சக்கரை கம்மியா” என்கிற பெரியவருக்கு டம்ளரிலும் கந்தகம், ஊசியிலும் கந்தகம்.