போர்டை அப்புறம் மாட்டலாம் கண்ணு

கம்பெனியச் சுத்திப் பாத்தேன் கண்ணு. தரையெல்லாம் மஞ்சக் கோடு. செவுத்துல, எடத்தை ஒழுங்கா வெக்கச் சொல்ற அஞ்சு எஸ்ஸு போர்டு. கத்தரிக்கோலுக்கு ஒரு கட்டம், பாபின் டப்பாவுக்கு ஒரு கட்டம், டீ கிளாசுக்குங்கூட ஒரு கட்டம் வரைஞ்சு வெச்சிருக்கற. ஓட்டல்ல நடந்த ரெண்டு நாள் கிளாசுக்கு நீ போனது வீண் போகலை. வீணைக் கொறைக்கற லீன் வித்தையக் கத்துக்கிட்டு வந்து பெயிண்ட் கடைக்காரனுக்கு நல்ல வியாபாரம் பண்ணிக் குடுத்துட்ட.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. திருப்பூர்ல கட்டிங் டேபிள் முன்னால நின்னே நரைச்ச தலை இது. அதனால கேக்கறேன். அந்த மஞ்சக் கோட்டுக்குள்ள கட்டுக் கட்டாப் பீசை அடுக்கி வெச்சிருக்கறயே, அது எதுக்கு? "பாருங்க அப்பாரு, எவ்வளவு நேரா அடுக்கியிருக்குது"ன்னு நீ பெருமையாச் சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துது. தேங்கிக் கெடக்கற சரக்கை நேரா அடுக்கறது எப்பிடின்னா கண்ணு கிளாசுல சொல்லிக் குடுத்தாங்க? அது எதுக்குத் தேங்குச்சுன்னு கேக்கத்தான் சொன்னாங்க.

இந்த லீன் கார்க்காரன் வித்தைன்னு உனக்குச் சொல்லியிருப்பாங்க. மொதல்ல அது தறிக்காரன் வித்தை. சகிச்சி டொயோடான்னு ஜப்பான்ல ஒருத்தரு, தச்சரு மகன். 1924-ல தானா ஓடற தறி ஒண்ணைக் கொண்டாந்தாரு. ஓடறது பெருசில்ல, நூல் அறுந்தா அது தானா நின்னுக்கும். அறுந்த நூலோட ஓடிக் கெட்ட துணி நெய்யறதைவிட நிக்கறதே மேலுன்னு தறிக்கே புத்தி வெச்சாரு. ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆளு காவல் நிக்க வேண்டியதில்லை, ஒருத்தரே பல தறியப் பாத்துக்கலாம்னு ஆச்சு. 1929-ல இங்கிலாந்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியோட உரிமைய வாங்குச்சு. அவரு மகன் கீச்சிரோ கார் பக்கம் போயி, 1937-ல டொயோட்டா மோட்டார் கம்பெனி பொறந்துது. அங்க இந்த முறையெல்லாம் கட்டி நிறுத்துன டாயிச்சி ஓனோகூட, 1932-ல டொயோடா நூல் நெசவு ஆலையில வேலைக்குச் சேந்தவருதான். காருக்கு வந்தது 1943-ல. ஆக, துணிக்காரன் புத்தி காருக்குப் போயி, கோட்டும் சூட்டும் போட்டுக்கிட்டுத் திரும்பத் துணிக்கே வந்துருக்குது. நீ பணம் கட்டிப் பாத்துட்டு வந்தது உன்ற ஒறம்பரையத்தான்.

இப்ப உன்ற லைனுக்கு வா. தோள் ஜாயிண்ட், கழுத்து ரிப், கை ஏத்தறது, சைடு, பாட்டம்னு வரிசையா 12 டெய்லருன்னு வெச்சுக்க. கட்டுக்கு 30 பீசு. ஒவ்வொருத்தரு பக்கத்துலயும் ரெண்டு கட்டு காத்துக் கெடக்குது. அப்ப 720 பீசு நடுவழியில நிக்குது. தோள் ஜாயிண்ட்ல நிட் துணிக்கு பால் பாயிண்ட் ஊசி போடாம வேற ஊசி போட்டுட்டாங்க, இல்ல முனை போன ஊசியவே ஓட்டறாங்கன்னு வை. கண்ணி அறுந்து பொடி ஓட்டை உழும். செக்கிங் டேபிள்ல ஒரு புள்ள கண்ணுல அது படறதுக்குள்ள, பின்னால வர்ற அத்தனை கட்டுலயும் அதே ஓட்டை ஏறியிருக்கும். உன்ற சூப்பர்வைசரு ஓடி வந்து ஆரத் திட்டுவான்? செக்கிங் புள்ளையத்தான். ஓட்டையக் கண்டுபுடிச்சதுக்குத் திட்டு வாங்கற ஊரு நம்மூரு ஒண்ணாத்தான் இருக்கும். கட்டைச் சின்னதாக்குன்னு சொல்றது இதுக்கோசரந்தான். 30-ஐ 5 ஆக்கு, முடிஞ்சா ஒண்ணொண்ணாக் கை மாத்து. தப்பு வாசல்லயே மாட்டும்.

அடுத்தது டார்கெட்டு. மணிக்கு 120-னு போர்டுல எழுதியிருக்கற. மத்தவிகளுக்கு 120 வருது. கழுத்து ரிப் ஏத்தற புள்ளைக்கு ஒரு பீசுக்கு 45 செகண்டு ஆகுது. மணிக்கு 80-க்கு மேல அவ கைக்கு வராது. அப்ப உன்ற லைனும் 80-தான். இதுக்கு நீ பண்ணற வைத்தியம் என்ன? பன்னெண்டு பேரு பின்னாலயும் நின்னு சத்தம் போடறது. வாய்க்கா நடுவுல ஒரு எடம் குறுகிக் கெடக்கையில மடைய எச்சாத் தொறந்தா என்ன ஆகும்? குறுகலுக்கு முன்னால கரை ஒடையும், கடைமடைக்காரனுக்கு எப்பவும் வர்ற தண்ணிதான் வரும். மம்முட்டிய எடுத்துட்டுப் போக வேண்டியது குறுகுன எடத்துக்கு. அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல இன்னொரு மிசினப் போடு. இல்லாட்டி ரிப்பை வளையமா மூட்டற வேலைய, சீக்கிரம் முடிச்சுட்டுச் சும்மா இருக்கற டெய்லருக்கு மாத்திக் குடு. கட்டை அவுத்து, எடுத்து, திருப்பி, மடிச்சு வெக்கறதுல எத்தனை செகண்டு போகுதுன்னும் பாரு. தெக்கற நேரத்தைவிட அதுதான் பல சமயம் எச்சு. "வேகமாத் தெய்யி"ங்கற சத்தம் அந்தச் செகண்டுக்கெல்லாம் கேக்காது.

வீணாப் போறதை ஓனோ ஏழு வகையா எண்ணி வெச்சாரு. எச்சாச் செய்யறது, காத்திருக்கறது, சரக்கை அங்கிட்டும் இங்கிட்டும் சொமக்கறது, தேவையில்லாத வேலை, தேங்குன சரக்கு, வெட்டி அசைவு, கெட்டுப்போன பீசு. அதுல மூத்தது எச்சாச் செய்யறதுதான், மத்ததையெல்லாம் மறைச்சு வெக்கறதே அதுதான்னாரு. நீயோ 10,000 பீசு ஆர்டருக்கு, "எப்பிடியும் டேமேஜ் போகும்"னு 500 எச்சா வெட்டற. டேமேஜ் மேல மொதல்லயே நம்பிக்கை வெச்சு, அதுக்குத் துணியும் வாங்கி வெக்கற பெரிய மனசு உன்றது. பீசு செலவுல பெரும்பங்கு துணிதான்னு உனக்கு நாஞ் சொல்லோணுமா? மிஞ்சுனது காதர்பேட்டைக்குப் போகும். அங்க லேபிள் அறுத்துக் குமிச்சு விக்கறதைப் பாத்து, "எங்க கம்பெனிச் சரக்கு"ன்னு நீ நெஞ்ச நிமித்திக்கலாம்.

காத்திருக்கறதுக்கு வருவோம். ஒரு புள்ள கக்கூசுக்குப் போயிட்டு வர்ற நேரத்தை நோட்டுல எழுதச் சொன்னயாம். நல்ல கணக்கு. லேபிள் வந்து சேரலைன்னு நேத்து லைனே நின்னுதே, அது எந்த நோட்டுல இருக்குது? பையரு சாம்பிளுக்கு ஓக்கே சொல்லறதுக்கு முந்தியே வெட்டச் சொன்னது ஆரு? ஷேடு சேரலைன்னு மறுக்காச் சாயப்பட்டறைக்குப் போன ரோலுக எத்தனை? 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொன்னதுக்கப்பறம், சாயத்தண்ணிய வெளிய உடாம சுத்தம் பண்ணித்தான் பட்டறைய ஓட்டோணும். மறுக்கா முக்கற ரோலுக்கெல்லாம் அந்தச் செலவும் மறுக்கா வரும். இதெல்லாம் டெய்லரு பண்ணுன வீணா, ஏசி ரூம்ல பண்ணுன வீணா? போன நாளைப் புடிக்க ஒன்றரை ஷிப்டு ஓட்டற. அப்பவும் தூத்துக்குடிக் கப்பலை உட்டுட்டு ஏர்ல அனுப்பற. லாபம் பறந்து போறதைக் கண்ணால பாக்கோணும்னா ஏர்போர்ட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா.

அதுக்காக எல்லாக் காத்திருப்பும் வீணுன்னு எறங்கிறாத. ரோலைப் பிரிச்சு ஆற உடற நேரத்தையும் லீன்னு சொல்லி வெட்டிப்போட்டயாம். இறுக்கிச் சுத்துன நிட் துணி இழுபட்டு நிக்கும். பிரிச்சுப் போட்டு ஒரு நாளு உட்டாத்தான் தன்ற அளவுக்கு வந்து சேரும். அவசரப்பட்டு வெட்டுனா, டேபிள்ல எல் சைசு, பெட்டியில எம் சைசு. பையருகிட்ட டேப்பு இருக்குது, மறந்துறாத.

எது வீண், எது வேலைன்னு தெரிஞ்சுக்க ஓனோ ஒரு வழி வெச்சிருந்தாராம். தரையில சாக்பீசுல வட்டம் போட்டு, அதுக்குள்ள ஆபீசரை நிக்க வெச்சு, மணிக்கணக்காப் பாருன்னு உட்டுட்டுப் போயிருவாராம். உனக்குத்தான் கட்டத்துக்குப் பஞ்சமில்லையே. போனை ரூம்ல வெச்சுட்டு ஒரு கட்டத்துல நில்லு. ஹெல்பர் பையன் நூல் கோனுக்கு மாடி ஏறி எறங்கறது தெரியும். ஒரே மெக்கானிக்கை நாலு லைனும் தேடறது தெரியும். பிளாட்லாக் மிசின் புள்ள கட்டு எடுக்க ஒவ்வொருக்காவும் எந்திரிச்சுப் போறது தெரியும். ஒருத்தருகூடச் சோம்பேறியா இருக்க மாட்டாங்க. அதுதான் உனக்குப் பெரிய ஏமாத்தமா இருக்கும்.

ஒரு தப்புக்கு அஞ்சு தடவை ஏன்னு கேக்கோணும்னும் கிளாசுல சொல்லியிருப்பாங்க. நீ கேக்கறது ஒரே கேள்வி: "ஆரு தெச்சது?" அதை உட்டுட்டு இப்பிடிக் கேட்டுப் பாரு. ஓட்டை ஏன் உழுந்துது? ஊசி மழுங்கல். ஏன் மாத்தலை? ஸ்டோர்ல புது ஊசி இல்லை. ஏன் இல்லை? ஆர்டர் போகலை. ஏன் போகலை? கையெழுத்து ஆகலை. ஏன் ஆகலை? ஓனரு ரெண்டு நாளு லீன் கிளாசுக்குப் போயிருந்தாரு.

கோவிச்சுக்காத கண்ணு, இன்னொண்ணுதான். தறிக்குக் குடுத்த, தானா நிக்கற உரிமைய டெய்லருக்கும் குடு. தப்புன்னு பட்டா மிசினை நிறுத்திக் கையத் தூக்கட்டும். டொயோட்டாவுல அதுக்குக் கயிறு தொங்க உட்டாங்க, இழுத்தா வெளக்கு எரியும். உடனே நீ கலர் கலரா வெளக்கு வாங்கிப்போடுவ, எனக்குத் தெரியும். பீஸ் ரேட்டுல தெக்கற புள்ள எதுக்கு நிறுத்துவா? நிறுத்துனா அவ காசு போகும், ஓட்டையோட தெச்சா எண்ணிக்கை வரும். உன்ற வாய் நிறுத்துங்குது, உன்ற கணக்கு நிறுத்தாதங்குது. சனிக்கெழமை கவருல என்ன இருக்குதோ அதைத்தான் ஆளுக நம்புவாங்க.

அதனால நின்ன நேரத்துக்கும் சம்பளம் உண்டுன்னு மொதல்ல சொல்லு. மொத வாரம் லைனு அடிக்கடி நிக்கும். உனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். மாத்திரைய முழுங்கிட்டு, ஏன்னு கேட்டுட்டே இரு. நிக்கறது கொறையக் கொறைய, நீ எச்சா வெட்டற துணியும் கொறையும். உனக்கு அந்தப் பொறுமை இல்லைன்னா என்ற தோட்டத்துக்கு வந்துரு, மாடு மேய்க்க ஆளு வேணும். பயந்துக்காத, பீஸ் ரேட்டு இல்ல, மாசச் சம்பளந்தான்.