ஓம்ஸ் பார்த்து வாங்கு

அப்போதெல்லாம் எங்கள் வாடிப்பட்டியில் ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் முதலில் வந்து இறங்குவது மைக் செட். சமையல் பாத்திரம்கூட அதற்குப் பிறகுதான். வேப்ப மரத்தில் இரண்டு, தெருமுனைக் கம்பத்தில் இரண்டு என்று குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மைக் செட் அண்ணன் பின்னால் அலைந்தவன் நான்.

குழாயின் பின்புறம் திருகியிருக்கும் யூனிட் ஒவ்வொன்றின் மின்தடையும் 16 ஓம்ஸ். இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் 8, நான்கைச் சேர்த்தால் 4. ஆம்ப்ளிபயரின் முதுகிலும் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். அண்ணன் குழாய்களை எண்ணி, அதற்குரிய முனையில் ஒயரை முறுக்கிய பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். “குழாய் மாட்டாம வால்வு செட்டுல சவுண்டக் கூட்டுனா டிரான்ஸ்பார்மர் போயிரும்டா தம்பி. வாட்ஸெல்லாம் அப்புறம். மொதல்ல ஓம்ஸ் சேருதான்னு பாரு” என்பார். முப்பது வாட்ஸ் செட் ஒன்று ஊரையே எழுப்பிவிடும்.

இன்று அந்தக் குழாய்கள் மரத்தை விட்டு இறங்கிவிட்டன. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றன. பாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. என் அக்கா மகன் ஒரு ஜோடி புக்‌ஷெல்ப் ஸ்பீக்கர் வாங்கி வைத்துக்கொண்டு, “மாமா, ஆம்ப்ளிபயர் 100 வாட்ஸ் போதுமா, 200 வேணுமா?” என்று கேட்டான்.

ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்தகட்டைப் படிக்கச் சொன்னேன். 6 ஓம்ஸ், 86 டெசிபெல் என்று இருந்தது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் இத்தனை டெசிபெல் என்பதே அந்த இரண்டாவது எண். பழைய குழாய்க்கு அது சுமார் 106. நடுவில் உள்ள 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு பவர். குழாய் ஒரு வாட்டில் தந்த சத்தத்துக்கு இந்தச் சின்னப் பெட்டி 100 வாட்ஸ் கேட்கும். முப்பது வாட்ஸில் ஊர் விழித்தது இந்தக் கணக்கினால்தான்.

ஆனால் கூடத்தில் கேட்க ஊரை எழுப்பும் சத்தம் எதற்கு? எட்டடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டு பெட்டிக்கும் தலா ஒரு வாட்டே சுமார் 82 டெசிபெல் தரும். சாதாரணப் பேச்சு 60தான். மீதி பவர் எதற்கென்றால், வாடிப்பட்டி மேளத்தில் தவில் அடி விழும் அந்த ஒரு கணத்துக்கு. அங்கே பல மடங்கு பவர் வேண்டும். இல்லாவிட்டால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். அப்படியே ஓட்டினால் மேல் சுருதி தரும் ட்வீட்டர் கருகும். 50 வாட்ஸ் நேர்மையாக இருந்தால் 100 டெசிபெல் உச்சத்தை நெருங்கலாம். அதற்கு மேல் 100 வாட்ஸுக்குப் போனாலும் கூடுவது 3 டெசிபெல்தான்.

நேர்மையான வாட்ஸ் என்பதே இன்றும் பெரிய சிக்கல். தொண்ணூறுகளில் சின்ன டேப் ரெக்கார்டர் மேல்கூட 1000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். இன்று ஸ்டிக்கர் மாறிவிட்டது, வித்தை மாறவில்லை. ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 8 ஓம்ஸில், இரண்டு சேனலும் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் வாட்ஸ் எத்தனை என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். 6 ஓம்ஸ் என்று எழுதிய பெட்டி சில சுருதிகளில் 4-க்கும் கீழே இறங்கக்கூடும். ஆகவே 4 ஓம்ஸ் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிய ஆம்ப்ளிபயர்தான் அதற்குச் சரியான ஜோடி.

ஆம்ப்ளிபயர் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். ஓம்ஸ், டெசிபெல், அறையின் நீளம் மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பழகிய ஒரு பாட்டைப் போட்டு, மனதில் இருக்கும் இரண்டு ஆம்ப்ளிபயரையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடினது நல்லதுபோலத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கும் காற்று வேண்டும்.